ஊருக்கு ஊர் மாறும் நஞ்சு

மேற்கு ஆப்பிரிக்காவின் கானா நாட்டில், மழைக்காடு முடிந்து புல்வெளி தொடங்கும் உட்பகுதிகளில், வயல்வேலைக்குப் போகிறவர்களை அதிகம் கடிப்பது ஒரு சுருட்டை விரியன். நீட்டிப் பிடித்தால் ஒன்றரை அடி இருக்கும், மிஞ்சினால் இரண்டடி. காய்ந்த புல்லும் மண்ணும் கலந்த நிறம் என்பதால் மிதிக்கும்வரை கண்ணில் படாது. கடிபட்டு வந்தவர்களுக்கு அங்கிருந்த மருத்துவமனை ஒன்றில் பிரான்சில் தயாரான நஞ்சுமுறிவு மருந்தைக் கொடுத்துவந்தார்கள். அப்போது இறந்தவர்கள் 1.8 சதவீதம். 2004 வாக்கில் அந்த மருந்துக்குப் பதிலாக இந்தியாவில் தயாரான இன்னொரு மருந்து வந்தது. இறப்பு 12.1 சதவீதமாக ஏறியது. பாம்பு மாறவில்லை, கடிபட்ட மக்களும் மாறவில்லை. குப்பிக்குள் இருந்த மருந்துதான் மாறியிருந்தது.

அந்த மருந்தைப் போலி என்று சொல்ல முடியாது. குதிரைக்குப் பாம்பு நஞ்சைச் சிறிது சிறிதாக ஏற்றி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்து முறைப்படி செய்த மருந்துதான். ஆனால் குதிரைக்கு ஏற்றியது இந்தியப் பாம்புகளின் நஞ்சு. இந்தியச் சுருட்டை விரியனும் கானாவின் சுருட்டை விரியனும் ஒரே பேரினம். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி என்றுதான் யாரும் சொல்வார்கள். நஞ்சின் கணக்கில் அவை அவ்வளவு நெருங்கிய உறவு இல்லை. இந்தியப் பாம்புக்கு எதிராகப் பழகிய எதிர்ப்பொருளுக்கு ஆப்பிரிக்கப் பாம்பின் நஞ்சு பிடிபடவில்லை. மருந்து உடலுக்குள் போயும் ரத்தக்கசிவு நிற்கவில்லை.

பாம்பு நஞ்சைப் பற்றி இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல விரும்புவது இதைத்தான். அது ஒரு ஊரைச் சேர்ந்தது. அந்த ஊரின் எலி, தவளை, பறவை, பல்லி, தேள் ஆகியவற்றோடு லட்சக்கணக்கான ஆண்டுகள் மல்லுக்கட்டி உருவானது. அதற்கான மருந்தும் அதே ஊரிலிருந்துதான் வர வேண்டியிருக்கிறது. இந்த உண்மை மருத்துவத்துக்குத் தெரிந்து நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. தெரிந்திருந்தும் அதை நாம் மறந்துபோகிற ஒவ்வொரு முறையும், எங்கோ ஒரு வயற்காட்டில் வேலை செய்த மனிதர் உயிரை விடுகிறார்.

*

உலகில் சுமார் 4,000 வகைப் பாம்புகள் இருக்கின்றன. அவற்றில் நஞ்சுள்ளவை ஏறக்குறைய 600. மனிதனுக்குப் பெரிய ஆபத்தை உண்டாக்கக்கூடியவை அதிலும் பாதிக்குக் குறைவு. பத்திரிகைகளிலும் யூடியூபிலும் 'உலகின் கொடிய பத்துப் பாம்புகள்' என்று அடிக்கடி ஒரு பட்டியல் வருகிறது. அதன் உச்சியில் பெரும்பாலும் இருப்பது ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுத் தைப்பான்.

அந்தப் பாம்பின் கதை சுவையானது. 1879-இல் ஃபிரெடரிக் மெக்காய் என்ற அறிஞர் அதை முதலில் விவரித்தார். அதன்பின் அறிவியல் உலகம் கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு அதை மறந்தே போனது. 1972-இல் குவீன்ஸ்லாந்தின் வறண்ட மேற்குப் பகுதியிலிருந்து வந்த பாம்புகளை ஜீனெட் கோவசேவிச் என்ற ஆய்வாளர் பரிசோதித்தபோதுதான், காணாமல்போன தைப்பான் இதுதான் என்று உறுதியானது. ஆய்வகத்தில் எலிக்குச் செலுத்திப் பார்த்தால் பாம்புகளிலேயே கடுமையான நஞ்சு இதனுடையது. பட்டியலில் முதலிடம் கிடைத்தது இந்தச் சோதனையால்தான். ஆனால் இந்தப் பாம்பு வாழ்வது ஆளரவம் அற்ற களிமண் வெளியில். வெடித்த நிலத்தின் பிளவுகளில் ஒளிந்திருக்கும், மனிதர்களைக் கண்டால் விலகிப்போகும். கடிபட்ட சிலர் மருத்துவத்தால் பிழைத்திருக்கிறார்கள்.

அந்த நஞ்சு எலியை அப்படிக் கொல்வதில் வியப்பில்லை. தைப்பானின் உணவே எலிதான். நல்ல மழை பெய்த ஆண்டுகளில் அந்த வெளியில் நீள்மயிர் எலிகள் பெருகும். பிளவுக்குள் எலியோடு நேருக்குநேர் மோத வேண்டிய பாம்புக்கு, எலி திருப்பிக் கடிப்பதற்குள் அதைச் சாய்த்துவிடும் நஞ்சு தேவை. அந்த முதலிடம் எலியின் உடலை வைத்துக் கிடைத்தது. மனிதர்களைப் பற்றிய எண்ணிக்கை வேறு இடத்தில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் பாம்புக்கடியால் உலகம் முழுவதும் ஆண்டுக்கு 81,000 முதல் 1,38,000 பேர் வரை இறக்கிறார்கள். 2020-இல் வெளியான ஓர் ஆய்வின்படி 2000 முதல் 2019 வரை இந்தியாவில் மட்டும் சுமார் 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்திருக்கிறார்கள். இத்தனை கொடிய பாம்புகள் நிறைந்த ஆஸ்திரேலியாவில் ஆண்டுக்கு இரண்டு மூன்று பேர்தான். பட்டியல் போடுகிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

*

நஞ்சு என்பது ஒரே பொருள் அல்ல. ஒரு பாம்பின் நஞ்சில் பல பத்துப் புரதங்கள் கலந்திருக்கும். உடலுக்குள் வேறு வேலை செய்துவந்த சாதாரணப் புரதங்கள், மரபணு இரட்டிக்கும்போது கிடைத்த கூடுதல் பிரதிகள் வழியாக மெல்ல மெல்ல ஆயுதமாக மாறியவை அவை. எந்தப் புரதம் எவ்வளவு சேர வேண்டும் என்பதை நிர்ணயிப்பதில் பெரும் பங்கு இரைக்கு உண்டு.

இதற்கு எனக்குப் பிடித்த சான்று ஒரு கடற்பாம்பு. தென்கிழக்கு ஆசியா, வட ஆஸ்திரேலியக் கடல்களில் வாழும் அந்தப் பாம்பு மீன் முட்டையை மட்டுமே தின்னும். முட்டை ஓடாது, திருப்பித் தாக்காது. அதைக் கொல்ல நஞ்சு எதற்கு? மற்ற கடற்பாம்புகளின் நஞ்சு மிகக் கடுமையானது. இந்தப் பாம்பிலோ முக்கியமான நரம்பு நஞ்சின் மரபணுவில் இரண்டே எழுத்துகள் உதிர்ந்துபோய், நஞ்சு வீரியம் இழந்துவிட்டது. பற்களும் சிறுத்துவிட்டன. தேவை தீர்ந்ததும் ஆயுதம் துருப்பிடித்துப்போனது.

சுருட்டை விரியன்களிலும் இதே விதிதான். தேள்களை அதிகம் தின்னும் இனங்களின் நஞ்சு தேளை விரைவாகக் கொல்கிறது. எலியைத் தின்னும் இனங்களின் நஞ்சுக்குத் தேளிடம் அந்த வேகம் இல்லை. பிரேசிலின் ஜராராக்கா என்ற குழிவிரியன் குட்டியாக இருக்கும்போது தவளையைத் தின்னும், வளர்ந்ததும் எலிக்கு மாறும். அதற்கேற்ப ஒரே பாம்பின் நஞ்சு அதன் வாழ்நாளுக்குள்ளேயே மாறுகிறது. அதே பிரேசிலில் சாவோ பாவ்லோ கடற்கரைக்கு அப்பால் கெய்மாடா கிராண்டே என்றொரு சிறு தீவு. பனியுகம் முடிந்து கடல்மட்டம் உயர்ந்தபோது, சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன், அது தரையிலிருந்து துண்டானது. அங்கே சிக்கிக்கொண்ட குழிவிரியன்களுக்குத் தின்ன எலி இல்லை. மிஞ்சியது வலசை வரும் பறவைகள். கடிபட்ட எலி தரையில் கொஞ்ச தூரம் ஓடி விழும், பாம்பு மோப்பம் பிடித்துப் போய் எடுத்துக்கொள்ளலாம். கடிபட்ட பறவை பறந்துவிட்டால் போனது போனதுதான். அதனால் பறவையை உடனே சாய்க்கும் நஞ்சு உருவானது. பொன்னிறமான அந்தத் தனி இனம் உலகில் வேறெங்கும் இல்லை.

*

மனித உடலுக்குள் நஞ்சு செய்யும் வேலையைப் பார்க்க நம் ஊர்ப் பாம்புகள் இரண்டே போதும்.

ஒன்று கட்டுவிரியன். இரவில் நடமாடும் பாம்பு. தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரைக் கடித்துவிட்டுப் போகும். பற்கள் மிகச் சிறியவை. கடித்த இடத்தில் வீக்கம் வராது, பெரும்பாலும் வலியும் இராது. தூக்கம் கலையாதவர்களும் உண்டு. விடியற்காலையில் வயிற்று வலி என்று எழுந்து உட்காருவார். வாய்வு என்று வீட்டில் கஷாயம் வைத்துக் கொடுப்பார்கள். கொஞ்ச நேரத்தில் கண் இமைகள் சரியத் தொடங்கும், தூக்கிப் பார்க்க முடியாது. பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது. பிறகு மூச்சுத் தசைகளும் ஓய்ந்துபோகும். நரம்பு தசைக்குக் கட்டளை அனுப்புவது அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வழியாக. கட்டுவிரியனின் நஞ்சு நரம்பின் முனைக்குள்ளேயே நுழைந்து, அந்த வேதிப்பொருளை வெளியிடும் அமைப்பைச் சிதைத்துவிடுகிறது. நாகத்தின் நஞ்சு இப்படி உள்ளே போவதில்லை. மறுபக்கம், தசையில் இருக்கும் ஏற்பியை அடைத்துக்கொண்டு உட்காருகிறது. அதனால் நாகம் கடித்தவருக்கு மருந்து கொடுத்தால் சில மணி நேரத்தில் இமை திறப்பதுண்டு. கட்டுவிரியன் கடித்து நேரமாகிவிட்டால் மருந்தால் நஞ்சை மேலும் பரவாமல் தடுக்க முடியுமே தவிர, சிதைந்த நரம்பு முனையை ஒட்டவைக்க முடியாது. அது தானாக வளரும்வரை நாள்கணக்கில் வென்டிலேட்டரில் வைத்திருக்க வேண்டும். வைத்திருந்தால் பிழைத்துவிடுவார், முழுதாக. அதனால்தான் கிராமத்துப் பக்கத்து மருத்துவமனையில் ஒரு வென்டிலேட்டர் இருக்கிறதா, அதை இயக்கத் தெரிந்த ஆள் இரவுப்பணியில் இருக்கிறாரா என்பது பாம்பின் கொடுமையைவிட முக்கியமான கேள்வியாகிறது.

இன்னொன்று கண்ணாடி விரியன். இதன் இலக்கு ரத்தம். காயம்பட்டால் ரத்தம் உறைவதற்கு உடலுக்குள் வரிசையாகப் பல காரணிகள் இருக்கின்றன. ஒன்று அடுத்ததைத் தூண்டிக் கடைசியில் ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தை இழைகளாக்கும். கண்ணாடி விரியன் நஞ்சில் உள்ள நொதிகள் வரிசையின் நடுவில் இருக்கும் ஐந்தாம், பத்தாம் காரணிகளை நேரடியாகத் தூண்டிவிடுகின்றன. கல்யாணத்துக்கு வாங்கி அடுக்கிவைத்த வெடிக்கட்டில் பொறி விழுந்தாற்போல, உடலெங்கும் உறைவதற்கென்று இருந்த சரக்கெல்லாம் ஒரே மூச்சில் தீர்ந்துபோகிறது. அதன்பின் ஈறிலும் சிறுநீரிலும் ஊசி குத்திய இடத்திலும் ரத்தம் கசிந்தால் நிறுத்த எதுவும் மிச்சமில்லை. சிறுநீரகம் பழுதாவதும் இந்தக் கடியில்தான் அதிகம்.

இதைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை மிக எளிமையானது. எனக்கு அதன்மேல் பெரும் மரியாதை உண்டு. சுத்தமான, உலர்ந்த, புதிய கண்ணாடிக் குழாய் ஒன்றில் நோயாளியின் ரத்தம் 2 மில்லி எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் நிறுத்தி வைக்க வேண்டும். பிறகு ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். கட்டியாக நின்றால் நல்லது. தண்ணீராக வழிந்தால் நஞ்சு ரத்தத்தில் வேலை செய்கிறது, மருந்து ஏற்ற வேண்டும். குழாய் கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும். கண்ணாடிப் பரப்பு ரத்தம் உறைவதைத் தூண்டும், பிளாஸ்டிக் தூண்டாது. சோப்புப் போட்டுக் கழுவிய பழைய குழாயிலும் முடிவு தப்பாக வரும். மின்சாரமோ இயந்திரமோ இல்லாத ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இந்தச் சோதனையைச் செய்து ஓர் உயிரைக் காப்பாற்றலாம்.

ரத்தத்தை இப்படிப் பாழாக்கும் அதே நஞ்சை 1934-இல் லண்டனில் மாக்ஃபார்லேன் என்ற மருத்துவர் ரத்தப்போக்கை நிறுத்தப் பயன்படுத்தினார். ரத்தம் உறையாத பரம்பரை நோய் உள்ளவர்களுக்குப் பல் பிடுங்கினால் ரத்தம் நிற்காது. கண்ணாடி விரியன் நஞ்சைப் பல ஆயிரம் மடங்கு நீர்க்கச் செய்து, பஞ்சில் தோய்த்துப் பல்குழியில் வைத்தார். நின்றது. இன்றும் ரத்தக் கோளாறு ஒன்றைக் கண்டறியும் ஆய்வகச் சோதனையில் இந்த நஞ்சு பயன்படுகிறது. ஜராராக்காவின் நஞ்சை ஆராய்ந்ததில் பிறந்ததுதான் ரத்த அழுத்தத்துக்கான கேப்டோப்ரில் மாத்திரை.

*

இனி ஊர் மாறினால் என்ன ஆகிறது என்று பார்ப்போம். அதே கண்ணாடி விரியன் இலங்கையில் கடித்தால் ரத்தம் உறையாமல் போவதோடு கண் இமையும் சரிகிறது, பார்வை இரட்டையாகத் தெரிகிறது. விரியன் கடியில் நரம்புக் கோளாறு என்பது பாடப்புத்தகத்தில் படித்த மருத்துவரைத் திகைக்க வைக்கும். தென்னிந்தியாவிலும் இது காணப்படுகிறது, மற்ற பல இடங்களில் அரிது. மியான்மரில் வாழ்வது இதன் கிழக்கத்திய நெருங்கிய இனம். அதன் நஞ்சு மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குள் ரத்தக்கசிவை உண்டாக்குகிறது. நெல்வயலில் கடிபட்டுப் பிழைத்து வீடு திரும்பிய விவசாயிக்குப் பல மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் கழித்து உடல் சோர்கிறது, முகத்திலும் உடலிலும் மயிர் உதிர்கிறது. பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோகிறது. பாம்பு கடித்தது எப்போதோ, இது என்ன புது நோய் என்று அலைகிறார்கள். சுரப்பி செத்ததன் விளைவு இது என்று 1980-களில் மருத்துவர்கள் எழுதிய பிறகுதான் விளங்கியது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்கூடச் சில நோயாளிகளிடம் இதைப் பார்த்திருக்கிறார்கள். இந்தியாவுக்குள்ளேயே வெப்பநிலையும் மழையளவும் மாறும்போது கண்ணாடி விரியன் நஞ்சின் சேர்க்கை மாறுவதை அண்மைக்கால ஆய்வுகள் காட்டுகின்றன.

இந்தப் பாம்பின் ஆங்கிலப் பெயரில் இருப்பவர் பாட்ரிக் ரசல். சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலாளராக இருந்த ஸ்காட்லாந்து மருத்துவர். சோழமண்டலக் கரையின் பாம்புகளைத் தொகுத்து 1796-இல் படங்களோடு பெரிய நூல் வெளியிட்டார். கோழியையும் நாயையும் பாம்புக்குக் கடிக்கக் கொடுத்து, எந்தப் பாம்புக்கு நஞ்சு உண்டு, எதற்கு இல்லை என்று பிரித்தார். இன்று படிக்கையில் மனம் கூசும் சோதனைகள். ஆனால் எல்லாப் பாம்பும் கொல்லும் என்ற பயத்துக்கு நடுவே, பெரும்பாலானவை கொல்லாது என்று முதலில் எண்ணிக்காட்டியது அந்த வேலைதான். அந்நாளில் பாம்புக்கடிக்குக் கைகண்ட மருந்தென்று புகழ்பெற்றிருந்த 'தஞ்சாவூர் மாத்திரை'யையும் அவர் சோதித்தார். அதில் பாஷாணம் கலந்திருந்தது.

நஞ்சில்லாத பாம்பு கடித்தவரும், நஞ்சுள்ள பாம்பு பல் பதித்தும் நஞ்சை இறக்காமல் விட்டவரும் எந்த மருந்தைக் கொடுத்தாலும் பிழைப்பார்கள். மாத்திரைக்கும் மந்திரிப்புக்கும் விஷக்கல்லுக்கும் கிடைத்த புகழ் அவர்களால் வந்தது. அந்தப் புகழ் இன்றும் ஆளைக் கொல்கிறது, ஏனென்றால் மருத்துவமனைக்குப் போகவேண்டிய இரண்டு மணி நேரத்தை அது தின்றுவிடுகிறது. கடிவாயைக் கீறாமல், கயிற்றால் இறுக்கிக் கட்டாமல், கடிபட்ட காலையோ கையையோ அசையாமல் வைத்து, 108-ஐ அழைத்தோ கிடைத்த வண்டியிலோ மருத்துவமனைக்குப் போவது ஒன்றுதான் வழி.

*

உண்மையான மருந்து பிறந்த கதை வியட்நாமின் சைகோனில் தொடங்குகிறது. லூயி பாஸ்டரின் வழிவந்த இளம் மருத்துவர் ஆல்பெர் கால்மெத் 1891-இல் அங்கே ஓர் ஆய்வகத்தை நிறுவினார். அந்த ஆண்டு அக்டோபரில் மெக்காங் ஆற்றுப்படுகையில் பெருவெள்ளம். பாக் லியு அருகே ஒரு கிராமத்துக்குள் நாகங்கள் தஞ்சம் புகுந்து 40 பேரைக் கடித்தன, 4 பேர் இறந்தார்கள். உள்ளூர்க்காரர் ஒருவர் பிடித்த நாகங்கள் உயிரோடு ஒரு பீப்பாயில் கால்மெத்திடம் வந்து சேர்ந்தன. அந்தப் பீப்பாயிலிருந்து தொடங்கிய ஆராய்ச்சி, 1890-களின் நடுவில் பிரான்சின் லீல் நகரில் குதிரைகளிலிருந்து மருந்தாக வெளிவந்தது. உலகம் கொண்டாடியது. நாகத்தின் நஞ்சுக்கு எதிராகச் செய்த அந்த மருந்து எல்லாப் பாம்புக்கும் உதவும் என்று கால்மெத் நம்பினார், அப்படியே அறிவிக்கவும் செய்தார்.

ஆஸ்திரேலியாவில் சார்லஸ் மார்ட்டின் அந்நாட்டுப் பாம்பு நஞ்சுகளோடு சோதித்துப் பார்த்தார். பயனில்லை என்றார். இந்தியாவில் பணியாற்றிய ஜார்ஜ் லாம்ப், கண்ணாடி விரியன் நஞ்சுக்கு அது ஒன்றும் செய்யவில்லை என்றார். மிகத் தெளிவாக மறுத்தவர் பிரேசிலின் வீத்தால் பிரசில். காப்பித் தோட்டங்கள் நிறைந்த ஓர் ஊரில் மருத்துவம் பார்த்தவர். கூலித் தொழிலாளர்கள் பாம்பு கடித்துச் செத்ததைக் கண்ணால் பார்த்தவர். கால்மெத்தின் மருந்து அவருடைய ஊரின் ஜராராக்காவையும் கிலுகிலுப்பைப் பாம்பையும் தடுக்கவில்லை என்று அவர் கண்டார். ஜராராக்கா நஞ்சுக்குச் செய்த மருந்து கிலுகிலுப்பைப் பாம்புக்கும், கிலுகிலுப்பைப் பாம்புக்குச் செய்தது ஜராராக்காவுக்கும் உதவாது என்றும் நிரூபித்தார். பாம்புக்கேற்ற மருந்து என்ற கொள்கை அங்கே பிறந்தது. 1901-இல் சாவோ பாவ்லோவில் தொடங்கிய பூத்தாந்தான் நிறுவனத்துக்கு அவர் தலைவரானார்.

பூத்தாந்தான் செய்த ஏற்பாட்டை நான் வியந்து வியந்து படித்திருக்கிறேன். மருந்து செய்யப் பாம்பு வேண்டும். பாம்பு இருப்பது விவசாயியின் தோட்டத்தில். மருந்து தேவைப்படுவதும் அவருக்குத்தான். ஆகவே பாம்பைக் கொல்லாமல் பிடிக்கக் கருவியும் மரப்பெட்டியும் விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். பெட்டியை ரயில் இலவசமாக ஏற்றிச்சென்றது. பாம்பு வந்து சேர்ந்ததும் பதிலுக்கு மருந்துக் குப்பி திரும்பிப் போனது. குப்பியோடு ஒரு படிவமும் போகும். யாரை, எந்த ஊரில், என்ன பாம்பு கடித்தது, எத்தனை மணி நேரம் கழித்து மருந்து ஏற்றப்பட்டது, பிழைத்தாரா என்று எழுதி அனுப்பச் சொல்லும் படிவம். மருந்து போய்ச் சேர்ந்த ஊரின் பாம்புதான் அந்த மருந்துக்கு நஞ்சு கொடுத்தது. கானாவில் அறுந்துபோனது இந்தச் சங்கிலிதான். நூறாண்டுக்கு மேலாகச் சேர்ந்த பூத்தாந்தானின் பாம்பு மாதிரிகள் 2010 மே மாதத் தீ விபத்தில் பெரும்பாலும் எரிந்துபோனது, எந்த ஊரில் எந்தப் பாம்பு இருந்தது என்ற ஒரு நூற்றாண்டு நினைவு எரிந்ததற்குச் சமம்.

*

இந்தியாவில் இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி இருளர்களின் கையில் இருக்கிறது. பாம்புத் தோலுக்காக வேட்டையாடி வாழ்ந்த அந்த மக்களுக்கு 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பிழைப்பு போனது. பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகர் முன்னின்று உதவ, 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் அதன் நஞ்செடுக்கும் கூடம் இருக்கிறது. போகிறவர்கள் பார்க்கலாம். மணல் பாவிய பள்ளத்தில் வரிசையாக மண்பானைகள், வாயில் துணி கட்டியிருக்கும். ஒருவர் துணியை அவிழ்த்துப் பானையைச் சாய்க்க, கண்ணாடி விரியன் சீறிக்கொண்டே வெளியே வழியும். கொக்கிக் கம்பியால் அதை இழுத்து, தலையை மெல்ல அழுத்தி, தாடையின் இருபக்கமும் விரல் வைத்துத் தூக்குவார். எதிரே மெல்லிய சவ்வு கட்டிய கண்ணாடிக் குடுவை. சவ்வில் பற்கள் இறங்கியதும் உள்ளே மஞ்சள் துளிகள் வழிந்து அடியில் தேங்கும். அவ்வளவுதான், சில நொடிகள். பாம்பை உரிமம் பெற்றுப் பிடித்து, சில வாரம் வைத்து, நான்கு முறை நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுவார்கள். அடையாளம் இருக்கும் பாம்பு மறுபடி சிக்கினால், அண்மையில் நஞ்செடுத்த பாம்பு, அதை விட்டுவிட வேண்டும் என்று பொருள். இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அமெரிக்காவின் ஃப்ளோரிடாச் சதுப்பு நிலத்தில் பெருகிவிட்ட மலைப்பாம்புகளைப் பிடிக்க 2017-இல் போய்வந்தவர்கள் அவர்கள்.

நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் சேர்த்துத்தான் இந்திய மருந்து தயாராகிறது. ஒரு குப்பி 6 மில்லிகிராம் கண்ணாடி விரியன் நஞ்சை முறிக்கும். ஒரு கடியில் அது சராசரியாக இறக்கும் நஞ்சு 63 மில்லிகிராம் என்று அளந்திருக்கிறார்கள். எட்டுப் பத்துக் குப்பியில் சிகிச்சை தொடங்குவதற்கு அந்தக் கணக்குத்தான் காரணம். குழந்தை என்றாலும் அதே அளவுதான், பாம்பு ஆள் பார்த்து நஞ்சைக் குறைப்பதில்லை.

நாடு முழுதுக்கும் போகும் இந்த மருந்துக்கான நஞ்சு, நெடுங்காலமாகப் பெரும்பகுதி சென்னையைச் சுற்றிய சில மாவட்டங்களின் பாம்புகளிடமிருந்தே வருகிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகரின் குழுவினர் வேறு மாநிலங்களின் பாம்பு நஞ்சை இந்த மருந்தோடு சேர்த்துச் சோதித்தபோது, பல இடங்களில் அது திணறியது. மேற்கில் வாழும் சிந்துக் கட்டுவிரியனுக்கும் கிழக்கில் வாழும் ஒற்றைக்கண் நாகத்துக்கும் போதிய பலன் தரவில்லை. கேரளத்திலும் இலங்கையிலும் மூக்கு நுனி நிமிர்ந்த ஒரு சிறிய குழிவிரியன் பலரைக் கடிக்கிறது. அதற்கு இந்த மருந்தில் இடமே இல்லை. இலங்கை முழுதும் இந்தியாவிலிருந்து வரும் மருந்தைத்தான் நம்பியிருக்கிறது.

கால்மெத்தின் கனவு இப்போது வேறு வடிவில் திரும்பி வந்திருக்கிறது. நாகம், கட்டுவிரியன், ஆப்பிரிக்க மாம்பா போன்றவற்றின் நரம்பு நஞ்சுகள் பல, ஊருக்கு ஊர் மாறினாலும், கடைசியில் போய் ஒட்டுவது தசையின் அதே ஏற்பியில்தான். ஒட்டும் அந்த முகத்தைப் பிடித்துக்கொள்ளும் ஒரே எதிர்ப்பொருள் கிடைத்தால் போதுமே என்று ஆராய்ச்சியாளர்கள் யோசித்தார்கள். அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் நிறுவனமும் சுனகரின் குழுவும் சேர்ந்து 2024-இல் அப்படி ஒன்றைக் கண்டு, எலிகளைக் காப்பாற்றிக் காட்டினார்கள். அது குதிரையிலிருந்து வந்ததல்ல, ஆய்வகத்தில் செய்த மனித எதிர்ப்பொருள். ஆகவே குதிரைப் புரதத்தால் வரும் கடும் ஒவ்வாமைக்கும் அதில் வழி குறைவு. ஆனால் விரியன்களின் நஞ்சுக்கு அது உதவாது. ஆளுக்குச் சோதித்து, மலிவாகத் தயாரித்து, சுகாதார நிலையத்துக்கு வந்து சேர நாளாகும்.

அதுவரை வீத்தால் பிரசிலின் வழிதான் நமக்கு. 2024 மார்ச்சில் மத்திய அரசு, பாம்புக்கடி இறப்புகளை 2030-க்குள் பாதியாகக் குறைக்கத் தேசியத் திட்டம் ஒன்றை வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களில் சேர்த்தது. அரசு, தனியார் என்ற வேறுபாடில்லாமல் எல்லா மருத்துவமனையும் ஒவ்வொரு கடியையும் சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். பிரேசில்காரர்கள் குப்பியோடு அனுப்பிய படிவத்தின் வேலை இது. எத்தனை பேர் என்பதோடு எந்தப் பாம்பு, எந்த வட்டம், எத்தனை குப்பி, 20 நிமிடச் சோதனையில் ரத்தம் எப்போது உறைந்தது என்பதையும் அதில் எழுதச் சொல்ல வேண்டும். எந்த மாவட்டத்தில் வழக்கத்தைவிட அதிகக் குப்பிகள் செலவாகின்றனவோ, அங்கே வடநெம்மேலியின் ஆட்களை அனுப்பி அந்த மண்ணின் பாம்பிடம் நஞ்செடுக்க வேண்டும். பானையும் குடுவையும் கைப்பழக்கமும் அவர்களிடம் தயாராக இருக்கின்றன. கொடுக்க வேண்டியது உரிமமும் கூலியும்தான்.